பசை காயும் வரை

மடத்து நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவது கோதண்டத்தின் வேலை. குருவிடம் வந்து சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வேலை சுத்தமாக இருக்கும். பேச்சுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஒரு நாள் காலையில் குரு மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். கோதண்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"சாமி, என் பொண்ணுக்கு ஒரு கதைப் புத்தகம் எடுத்துக் கொடுங்க. அவளுக்குப் பிடிக்கிற மாதிரி."

"பூரணியா? அவதான் நல்லாப் படிக்கிறாளே."

"படிக்கிறா. பாம்பு, எரிமலை, ரயில் எஞ்சின், மனுஷ உடம்பு. கதைப் புத்தகத்தைக் கொடுத்தா 'இது நடந்ததா?'ன்னு கேக்கிறா. இல்லைன்னு சொன்னா மூடி வெச்சிடுறா. ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கதை வேண்டாமாம். எனக்குப் பயமா இருக்கு சாமி."

குரு பசையைக் கிளறினார். "இதுவரைக்கும் என்ன கொடுத்துப் பார்த்தே?"

கோதண்டம் உடனே பதில் சொல்லவில்லை. அவன் உடனே பதில் சொல்லாவிட்டால் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான் என்று அர்த்தம். குருவுக்கு அது தெரியும். காத்திருந்தார்.

"பாம்புப் புத்தகத்தோட அட்டையைப் பிரிச்சு, ஒரு கதைப் புத்தகத்துக்குப் போட்டுக் கொடுத்தேன்."

"கண்டுபிடிச்சுட்டாளா?"

"மூணாவது பக்கத்துல பாம்பு பேசிடுச்சு."

குருவின் தாடி லேசாக அசைந்தது. சிரித்தாரா என்று சொல்ல முடியாது.

"அதுலேர்ந்து எதையும் நம்ப மாட்டேங்கிறா சாமி. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் ஒட்டின இடத்தைத் தடவிப் பார்க்கிறா. பால் ஆறிடுச்சுன்னு சொன்னா விரலை விட்டுப் பார்க்கிறா. நேத்து மழை வருதுன்னு சொன்னேன். வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துட்டு வந்தா."

"எல்லாம் அட்டையை மாத்தினதாலயா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி நீ எதையும் மாத்தலையா?"

கோதண்டம் ஒரு கிழிந்த அட்டையை எடுத்து ஓரத்தை நீவினான்.

போன ஐப்பசியில் அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அப்போது பிள்ளையை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தவளிடம், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றான். பொங்கல் வரைக்கும் அதையே சொன்னான். தெருக் குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதில் பூரணிக்கு விஷயம் தெரிந்தது. அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுஷ உடம்பைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

"குழந்தைகிட்ட அதை எப்படிச் சாமி சொல்றது?" என்றான் கோதண்டம்.

"சாயங்காலம் அழைச்சிட்டு வா," என்றார் குரு.

பூரணி வந்தாள். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, குரு முதுகுக்குப் பின்னால் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

"நீங்களும் கதை சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

"நடந்ததா?"

"இல்லை. ஒரு வரிகூட நடக்கலை. இப்பத்தான் நானே கட்டினேன்."

பூரணியின் புருவம் சுருங்கியது. பொய்யை உண்மை மாதிரி காட்டுகிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். இவர் முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். அதில் வேறு ஏதாவது சூது இருக்குமோ என்னவோ.

"பின்னே எதுக்குச் சொல்றீங்க?"

"வேண்டாம்னா விடு."

அவர் பாட்டுக்கு ஒரு பழைய புத்தகத்துக்குப் பசை தடவ ஆரம்பித்தார். பூரணி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள், எழுந்து போக வசதியாக வாசலை ஒட்டியே.

"சொல்லுங்க. தப்பு இருந்தா நடுவுல சொல்லுவேன்."

"சொல்லணும். ஒரு கிணத்துல ஒரு சின்ன ஆமை இருந்தது. அது பேசும்."

"ஆமை பேசாது."

"பேசாது. இது பேசும்."

"என்ன சாப்பிடும்?"

"நீ சொல்லேன்."

"புழு. சின்ன மீன். பாசி."

"சரி, அதையெல்லாம் சாப்பிட்டுது. அதுக்கு அம்மா இல்லை."

அலமாரிக்குப் பின்னால் தூசி தட்டுகிற மாதிரி நின்றிருந்த கோதண்டத்தின் கை நின்றது.

"எங்க போச்சு?" என்றாள் பூரணி.

"செத்துப் போச்சு."

"சாமி!" என்று கோதண்டம் ஓடி வந்தான். குரு திரும்பாமலே பசைத் தூரிகையைத் தூக்கிக் காட்டினார். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"ஆமைக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

"அதோட அப்பா."

"எப்போ?"

"அன்னைக்கே. பக்கத்துல உக்கார வெச்சுச் சொன்னார்."

பூரணி அப்பா நின்ற பக்கம் திரும்பவில்லை.

"அப்படி ஒண்ணும் நடக்கல," என்றாள்.

"நடக்கலைன்னு முதல்லயே சொன்னேனே, பூரணி."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று கோதண்டம் நினைத்தான். அவள் போகவில்லை.

"அப்புறம்?"

"ஆமை அழுதது."

"அழாது. கடல் ஆமைக்குத்தான் கண்ணுல தண்ணி வரும். அதுவும் உப்பை வெளியேத்துறதுக்கு. புத்தகத்துல போட்டிருக்கு."

"அப்படியா? எனக்குத் தெரியாது. தப்புன்னா அந்த இடத்தை எடுத்துடறேன்."

பூரணி முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றாள். "இந்த ஆமை அழும்."

பிறகு விருட்டென்று எழுந்து வெளியே போனாள். முற்றத்துக் கிணற்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். சொன்னது சொன்னதுதான், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லதில்லையா?

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவின் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"சாமி, அது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எதுலயும் இல்லை."

"மிச்சத்தை நாளைக்குக் கேப்பாளே. நான் சொல்லட்டுமா? நான் சொன்னா கேப்பாளா?"

குரு பலகைக்கு அடியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தார். ஒன்று, பாம்பு அட்டை போட்ட கதைப் புத்தகம். இன்னொன்று, அட்டை இல்லாத பாம்புப் புத்தகம். அவற்றின் மேல் பசைக் கிண்ணத்தை வைத்தார்.

"ரெண்டுக்கும் அதனதன் அட்டையைப் போடு. பூரணியைக் கூப்பிட்டு அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லு. பசை காயிற வரைக்கும் அவ கையை எடுக்க முடியாது."

"அதுவரைக்கும் நான் என்ன சாமி பண்றது?"

"எது வேணா பேசு," என்றார் குரு. "கதை மட்டும் சொல்லாதே."