எருமைச் சவாரிக்கு ஓட்டு

ஒரு காட்டில் சேற்று ஓடைக்கு நடுவே ஒரு மேடு. மேட்டின் மேல் விலங்குகளின் கல்லூரி. அங்கே படிக்கும் குரங்குகளுக்கு மேட்டிலேயே மரத்தில் வீடு. முள்ளெலி, முயல், உடும்பு எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். அவை எருமை முதுகில் ஏறித்தான் படிக்க வந்தன.

ஒரு சவாரிக்கு ஒரு கட்டுப் புல். குட்டிக் கையால் ஒரு கட்டு அறுக்க முள்ளெலிக்கு அரை நாள் ஆகும். அதற்குள் வகுப்பே முடிந்துவிடும். இந்த மாதத்தோடு படிப்பை விட்டுவிடலாம் என்று அது அழுதுகொண்டிருந்தது.

முயல் ஒரு யோசனை சொன்னது. "படிக்கிற எல்லாரும் மாசம் ஒரு கட்டுப் புல் குடுப்போம்! யார் வேணும்னாலும் தினம் ஏறிக்கலாம்!"

எருமை தலையாட்டியது. ஓட்டெடுப்பு என்று முடிவானது. வேண்டும் என்றால் பானையில் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் கூழாங்கல்.

நரிக்கு வயிறு எரிந்தது. எருமை வராத நாளில் தன் மரக்கட்டையில் ஏற்றிவந்து ஆளுக்கு இரண்டு நண்டு வாங்கும் நரி அது. எருமை தினமும் வந்தால் அந்த நண்டு போச்சே, சும்மா இருக்குமா? குரங்குகளிடம் போனது.

"ஏம்ப்பா, மரத்துக்கு மரம் தாவுற உங்களுக்கு எருமை எதுக்கு? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அந்த முயல் ஆடுது!"

"அதானே!" என்று குரங்குகள் ஆளுக்கொரு கூழாங்கல் பொறுக்கின.

ஓட்டு நாள் விடிந்தது. நரி எருமையிடம் ஓடியது. "இன்னிக்கு லீவு! நல்லா படுத்துத் தூங்கு!" எருமை நம்பிவிட்டது, பாவம். நரி மேட்டுக்கு வந்து தன் கட்டையையும் புதருக்குள் ஒளித்தது. குரங்குகள் மட்டும் ஓட்டுப் போட்டால் காரியம் முடிந்தது!

மேட்டில் வெயில் ஏறியது. பாடம் நடத்தும் கீரி வாத்தியாரைக் காணோம். கடலை விற்கும் பெருச்சாளியைக் காணோம். ஓட்டுப் பானையையும் காணோம்!

"எல்லாம் எங்கே?" என்றது ஒரு குரங்கு.

"எருமை மேலதானே வரும்!" என்றது இன்னொன்று.

குரங்குகள் திருதிருவென விழித்தன. பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

"அங்கே பாருங்க!"

ஓடையில் பானை மிதந்து வந்தது. அதற்குள் முள்ளெலி நின்றுகொண்டிருந்தது. கழுத்தளவு சேற்றில் கீரியும் முயலும் உடும்பும் பெருச்சாளியும் பானையைத் தள்ளிக்கொண்டு வந்தன.

"ஓட்டுப் போடாம விட மாட்டோம்!" என்று முள்ளெலி கத்தியது.

குரங்குகளுக்கு வெட்கமாகிவிட்டது. கூழாங்கற்களை ஓடையில் எறிந்தன. கிளையில் தொங்கி, வாலை நீட்டி, ஒவ்வொருவராக மேலே இழுத்தன. பிறகு புளியமரத்தை ஓர் உலுக்கு உலுக்கின!

பானையைக் கவிழ்த்து எண்ணினார்கள். அத்தனையும் புளியங்கொட்டை. ஒரே ஒரு கூழாங்கல். அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. முள்ளெலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றி ஆடினார்கள். முள் குத்தியதுகூட யாருக்கும் தெரியவில்லை!

நாம் ஏறாத வண்டியில்தான் நமக்கு வேண்டியவர்கள் வருகிறார்கள். ஆகவே எல்லாருக்கும் பொதுவானதற்குக் கொடுக்கத் தயங்கக் கூடாது.