பித்தளைப் பீப்பாய்க்குள் செம்பாயி

மேலூரணி ஜமீன்தாருக்கு நல்ல மனசுதான், பெருமைதான் கொஞ்சம் தூக்கல். சீமையிலிருந்து ஒரு மின்சார யந்திரம் வரவழைத்திருந்தார். மார்பளவு உயரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பித்தளைப் பீப்பாய்கள், இரண்டையும் இணைக்க ஒரு சங்கிலி, அடியில் கண்ணாடிக் கால்கள், பக்கத்தில் மின்சாரம் ஏற்ற ஒரு கைச்சக்கரம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு யாரையாவது தொடச் சொல்வார். தொட்டவர் அலறுவார், இவர் சிரிப்பார்.

வீடு பெருக்கும் செம்பாயி, மகளின் பேறுகாலத்துக்குப் போக உத்தரவு கேட்டாள்.

"சக்கரம் சுற்றும்போது பீப்பாயைப் பிடிச்சுக்கோ. அலறாமல் இருந்தால் போகலாம்."

"எங்கே பிடிச்சாலும் சரிதானுங்களா சாமி?"

"எங்கே பிடிச்சாலும் தூக்கியடிக்கும்!"

சக்கரம் சுற்றினால் அறையில் பறக்கும் பஞ்செல்லாம் பீப்பாயின் வெளிப்பக்கம்தான் ஒட்டும், உள்ளே விழுந்தது அசையாமல் கிடக்கும். தினமும் பெருக்குகிறவள் அதைப் பார்த்திருந்தாள். "முருகா" என்று உள்பீப்பாய்க்குள் இறங்கி உட்கார்ந்து, இரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் சுற்றியது. உள்ளேயிருந்து தாலாட்டு கேட்டது.

"யந்திரம் கெட்டுப்போச்சா?" என்று ஜமீன்தார் வெளிப்பக்கம் கைவைத்தார். அவ்வளவுதான், தலைப்பாகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

செம்பாயி எட்டிப் பார்த்தாள். "ஐயோ சாமி, அது வெளியிலேதானுங்க குடியிருக்கு. உள்ளே வந்திருங்க, இடம் இருக்கு."

விழுந்த இடத்திலேயே ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "வண்டியைப் பூட்டுங்கடா! பேரப்பிள்ளைக்கு முந்தி இவள் போய்ச் சேரணும்!"