மங்கல் இல்லாத வட்டம்

மருத்துவர் இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆசிரியை முபீனாவுக்கு முப்பத்தைந்து. தாம் எழுதிக் கொடுத்த மருந்தெல்லாம் தோற்ற பிறகுதான், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைப் பற்றிப் படிக்க இருதயராஜ் இவருடைய ஆய்வகத்துக்கு வந்தார். அவருடைய அண்ணனின் காலில் ஆறாத சர்க்கரைப் புண். இன்னும் பத்து நாளில் காலை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணனின் புண்ணில் எடுத்த பாக்டீரியாவைத் தட்டுகளில் படலமாக வளர்த்து, சாக்கடை நீரில் பிடித்த வைரஸை அதன்மேல் விட்டிருந்தார். பாக்டீரியா செத்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. வட்டங்களின் நடுவில் மட்டும் லேசான மங்கல்.

“கொல்லுது மேடம். நாளைக்கே புண்ணுல போட்டுடலாமா?”

முபீனா ஒரு வட்டத்தின் மங்கலை ஊசி முனையால் தொட்டெடுத்துத் தனியே வளர்த்தார். வளர்ந்ததன்மேல் அதே வைரஸை விட்டார். மறுநாள் பார்த்தால், ஒரு வட்டம்கூட விழவில்லை.

“ஏன் சாகலை?”

“மங்கலா தெரியுறது சாகாத பாக்டீரியா. வைரஸ் அதுக்குள்ளயே குடியேறிடுச்சு டாக்டர். தன் மரபணுவை அதோட மரபணுவுல கோத்து வச்சிருக்கு. இனி வெளியிலேர்ந்து தன் இனமே வந்தாலும் அண்டவிடாது.”

கொல்ல வந்ததே காவலுக்கு நிற்கிறது. இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும் அழுகை வந்தது.

“எல்லா வட்டமும் மங்கலா?” என்றார் முபீனா.

“ஒன்னே ஒன்னு மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. மத்ததோட ஒத்துப்போகலை. என் கைப்பிசகுன்னு அந்தத் தட்டைத் தூக்கிக் கழிவு வாளியில போட்டுட்டேன்.”

மனிதர் அப்படித்தான். ஒரு புள்ளி வரிசை மாறினாலும் அவருக்குப் பொறுக்காது.

முபீனா சட்டென்று எழுந்தார். “வாளியைக் கிருமி சாக அவிக்க எடுத்துட்டுப் போயிட்டாங்களா?”

இருவரும் ஓடினார்கள். வாளி இன்னும் நீராவிப் பெட்டிக்கு வெளியேதான் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு இருதயராஜ் கிளறினார். அடியில் கிடைத்தது.

முபீனா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்த ஒற்றை வட்டத்தின் நடுவில் துளி மங்கல் இல்லை.

“குடியேற வைக்கிற மரபணு இதுல கெட்டுப்போயிருக்கும். இதைத்தான் வளர்க்கணும்.”

இருதயராஜுக்கு மனம் ஒப்பவில்லை. “போயும் போயும் இந்தக் குறைப்பட்டதை நம்பியா அண்ணன் காலை விடுறது?”

“குறையில்லாததெல்லாம் உங்க அண்ணன் கால்லயே குடும்பம் நடத்தும், டாக்டர்.”