மருதவேலியின் மரக்கால்

அமைச்சர் ஆலவாயர் பழைய அரசரை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் படுக்கையில் கிடந்தபடி, "செங்கரையில் இந்த வருசம் விளைச்சல் எப்படி?" என்றுதான் கேட்டார். "நம் அளவுதான், அரசே" என்றதும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை ஆண்டவர்களுக்கெல்லாம் இந்த ஒரே வியாதி. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள செங்கரை நாடு தங்களை மிஞ்சிவிடுமோ என்ற கவலை.

மருதவேலியில் ஒரு வழக்கம் உண்டு. பட்டமேறும் நாளில் புது அரசர் இரு கையும் சேர்த்து எட்டு முறை நெல்லை அள்ளிப் போடுவார். நாட்டு நெல்லை அளக்க, அந்த எட்டு அள்ளும் கொள்ளும்படி புது மரக்கால் செய்வார்கள். பழைய மரக்கால் பழைய அரசரோடு சிதையேறிவிடும். பழைய அரசரின் மகன் கோதண்டன் சிறு பிள்ளையாகப் பட்டமேறினான். அவனும் அள்ளிப் போட்டான்.

வருசங்கள் போயின. நெல் தண்டும் அதிகாரி பூதலிங்கத்துக்கு அமைச்சர் ஆசனத்தின் மேல் வெகுநாளாகக் கண். ஒருநாள் சபையில் எழுந்தான்.

"அரசே, தந்தையார் காலத்தில் இரண்டு நாடும் சமம். தங்கள் காலத்தில் செங்கரை நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாமோ இரட்டிப்பு."

கோதண்டனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு களஞ்சியம் கட்டினான். வந்து பார்க்கும்படி செங்கரை அரசருக்கு ஆளனுப்பினான். விருந்தாளி வருமுன் திறந்து பார்த்தால், பழைய களஞ்சியம் நிறைந்திருந்தது. புதியதில் வௌவால்தான் இருந்தது.

"விளைந்ததற்குக் கணக்கு இருக்கிறது, நெல் இல்லை. சாவியோ அமைச்சர் இடுப்பில்" என்றான் பூதலிங்கம்.

"ஆலவாயரே, பாதி நெல் எங்கே?"

ஆலவாயருக்கே விளங்கவில்லை. களத்தில் குவியல் பழைய உயரம்தான். அளந்தால் இரட்டிப்பாகிறது. களஞ்சியத்தில் கொட்டினால் மறுபடி பழையபடி ஆகிறது. நடுவில் வந்தது எது, போனது எது?

"நான் எடுக்கவில்லை, அரசே. எடுத்தவன் யாரென்றும் தெரியவில்லை."

"எலி தின்றிருக்கும்" என்றான் பூதலிங்கம். "அவ்வளவும் தின்ற எலிக்கு இந்நேரம் பல்லக்கு வேண்டியிருக்குமே."

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "முத்திரை மோதிரத்தைக் கொடும். நாளைக்கு உமக்குக் கழுமரம்" என்று கையை நீட்டினான்.

ஆலவாயர் மோதிரத்தைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். முறம்போல் விரிந்த உள்ளங்கையில் அது கடுகாகத் தெரிந்தது. பட்டாபிஷேகத்தன்று இந்தக் கையைப் பிடித்து நெல்லில் வைத்தவர் அவர்தான். அன்றைக்கு அது ஒரு அரசிலை அளவு இருந்தது.

"அரசே, சாகப்போகிறவனுக்கு ஒரு ஆசை. மரக்காலைத் தங்கள் கையால் ஒருமுறை நிரப்புங்கள். அன்று போலவே எட்டு முறை."

"கடைசி ஆசையும் நெல்லில்தானா?" என்றான் பூதலிங்கம்.

அரசன் அள்ளினான். நான்காவது முறையிலேயே நெல் விளிம்பில் வழிந்தது. ஐந்தாவதை அள்ளிவிட்டு, போட இடமில்லாமல் நின்றான்.

"மீதி எங்கே போடுவது?"

"அந்த மீதியைத்தான் என்னிடம் கேட்டீர்கள், அரசே. செங்கரைக்காரர்கள் பாட்டன் மரக்காலாலேயே அளக்கிறார்கள். நம் மரக்கால் பிள்ளைக் கைக்குச் செய்தது. அது சிறுத்தது. நாடு பெருத்தது என்று சொல்லிக்கொண்டோம்."

"இன்றைய என் கைக்கு ஒன்று செய்தால் விளைச்சல் பாதியாகிவிடுமா?"

"ஆகும். ஒரு மணி நெல்கூடக் குறையாமல்."

கோதண்டன் கைநிறைய நெல்லோடு உட்கார்ந்துவிட்டான். "அப்படியானால் நாம் வளர்ந்தோமா இல்லையா?"

"தாண்டவும் இல்லை, தாழவும் இல்லை, அரசே."

"இருந்தாலும், கணக்குப்படி பார்த்தால்..." என்று பூதலிங்கம் இழுத்தான்.

"கணக்குப்படி இரட்டிப்பு நெல்லை விருந்தாளிக்கு நீர் சமைத்துப் போடும், பார்க்கலாம்" என்றான் அரசன்.

மோதிரம் ஆலவாயர் விரலுக்குத் திரும்பியது. அரசன் தன் பட்டு மேலாடையையும் அவர் தோளில் போட்டான். களஞ்சியம் முழுவதையும் செங்கரை மரக்காலால் தன் கைப்பட அளந்து சொல்லும்படி பூதலிங்கத்துக்கு உத்தரவாயிற்று. அளந்தான். தை அறுவடை வரைக்கும் ஊர் சாப்பிடப் போதுமான நெல் இருந்தது.