பொந்துக் கதவில் பூத்த தாமரை

மூங்கில் தோப்பை ஒட்டி நின்ற வாகை மரத்துப் பொந்தில் தங்காயி என்ற மைனா குஞ்சு பொரித்திருந்தாள். போன தடவை பொரித்த குஞ்சுகளைக் கொம்பேறி மூக்கன் பாம்பு விழுங்கிவிட்டிருந்தது. அதனால் இந்தத் தடவை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரை தேடக் கிளம்புவாள், பாதி வழியில் நெஞ்சு பதறித் திரும்பி வந்துவிடுவாள். வந்தால் குஞ்சுகள் பசியில் கத்தும்.

மேல்கிளையில் வரியன் என்ற அணில் இருந்தான். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. மூங்கில் வெட்ட வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ரம்ப இழை ஒன்று, நூல்போல மெல்லியது, அவனுக்குக் கிடைத்திருந்தது. அதை ஒரு வில்லில் கட்டி வைத்திருந்தான். மூங்கிலில் சின்னத் துளை போட்டு, இழையை உள்ளே கோத்து இழுத்தான் என்றால், கொடியோ மீனோ மாங்காயோ, எந்த உருவம் வேண்டுமானாலும் வளைந்து வளைந்து வந்துவிடும். வெட்ட ஆரம்பித்தால் நிறுத்தத்தான் தெரியாது!

தங்காயி அவனிடம் வந்து கெஞ்சினாள். பொந்துக்கு ஒரு கதவு வேண்டும், குஞ்சுகளுக்குக் காற்று போனால் போதும், பாம்பின் தலை மட்டும் நுழையக் கூடாது என்றாள்.

"இவ்வளவுதானே அக்கா, கவலையை விடுங்க" என்றான் வரியன்.

கதவு முடியும்வரை பாம்பு நுழையாதபடி பொந்தின் வாயை மூங்கில் துண்டுகளால் அடைத்துவைத்துவிட்டு, பருத்த மூங்கிலொன்றைப் பிளந்து விரித்துப் பலகையாக்கினான். அதில் தாமரை ஒன்றை வரைந்துகொண்டு, ஒவ்வொரு இதழையும் ஒடுக்கமாக வெட்டி எடுத்தான். இதழுக்கும் இதழுக்கும் நடுவே மெல்லிய பட்டை விட்டிருந்தான். உண்மையில் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் தங்காயி இரை தேடப் போயிருந்தாள், பாராட்ட ஆள் இல்லை. வரியனுக்குக் கை அரித்தது.

அப்போது பக்கத்து மூங்கிலிலிருந்து ஒரு குரல் வந்தது. பார்த்தால் மூக்கன்! வரியன் கூச்சல் போட வாயைத் திறந்தான்.

"கத்தாதீங்க அண்ணே. வேலையைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இப்படி ஒரு கைவேலையை நான் எந்தக் காட்டிலும் பார்த்ததில்லை" என்றது பாம்பு.

வரியன் திறந்த வாயை மூடிக்கொண்டான். பாம்பானால் என்ன, ரசனை உள்ள பாம்பாயிற்றே!

மூக்கன் கழுத்தை நீட்டிப் பூவை ஒட்டி நின்று பார்த்தது. இதழ்கள் மொட்டாகவே இருப்பதாகவும், சற்று விரிந்தால் உயிர் வந்துவிடும் என்றும் சொன்னது. வரியன் விரித்தான். மறுநாளும் பாம்பு வந்தது. மறுபடியும் பூவை ஒட்டி முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது.

"எல்லாம் சரி அண்ணே. நடுவிலே நிக்கிற இந்தப் பட்டைங்கதான் கண்ணை உறுத்துது. அதையும் எடுத்துட்டா முழுத் தாமரை ஆயிடும்."

அன்று முழுக்க வரியனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பட்டைகளைப் பார்ப்பான், கீழே இறங்குவான், மறுபடி ஏறி வந்து பார்ப்பான். பார்க்கப் பார்க்க அவனுக்கும் உறுத்தியது. கடைசியில் அவற்றையும் அறுத்து எடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

கதவை மாட்டியதும் தங்காயி வந்தாள். பூவைப் பார்த்தாள். மெதுவாக அதற்குள் தலையை விட்டாள்.

"என் தலையே நுழையுதே தம்பி?"

வரியனுக்குச் சுருக்கென்றது. இவளுக்கு அழகைப் பற்றி என்ன தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தங்காயி கதவருகே பறந்தாள், கிளைக்குப் போனாள், மறுபடி கதவுக்கே வந்தாள். உள்ளே குஞ்சுகள் பசியில் கதறின. வேறு வழியில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பறந்து போனாள்.

அவள் மறைந்ததுமே மூக்கன் மரமேறி வந்தது. என்ன சொல்லிப் புகழப் போகிறதோ என்று வரியன் மீசை துடிக்கக் காத்திருந்தான். பாம்பு அவன் பக்கம் திரும்பவில்லை. பூவையும் பார்க்கவில்லை. நேரே தாமரைக்குள் தலையை விட்டது.

இத்தனை நாளும் அது ரசிக்கவில்லை, தலையை வைத்து அளவு பார்த்தது என்று அப்போதுதான் வரியனுக்கு விளங்கியது. பாய்ந்து அதன் வாலைக் கவ்வினான். பாம்பு புரண்டது, சுழற்றி அடித்தது. அவன் விடவில்லை. பட்டை இழந்த பலகை அந்த அடியைத் தாங்காமல் மேலிருந்து கீழாகப் பிளந்தது. கழுத்தில் மூங்கில் சிலாம்பு ஏறிய பாம்பு வலி தாங்காமல் தரையில் விழுந்து புதருக்குள் ஓடியது. குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

தங்காயி திரும்பி வந்து உடைந்த கதவைக் கண்டு அலறினாள். வரியன் நடந்ததை ஒன்றையும் மறைக்கவில்லை. அழுதுகொண்டே வேறொரு மூங்கிலைப் பிளந்தான். பூவும் இல்லை, கொடியும் இல்லை. காற்று போக மெல்லிய கீற்றுத் துளைகள் மட்டும் வெட்டிக் கதவை மாட்டினான்.

தங்காயி ஒவ்வொரு கீற்றிலும் அலகை வைத்துத் தலையை முட்டிப் பார்த்தாள். எதிலும் நுழையவில்லை.

"நான் போய் இரை தேடிட்டு வர்றேன் தம்பி" என்றாள். இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்காமல் பறந்து போனாள்.

யாருக்காக வேலை செய்கிறோமோ அவரை மறந்துவிட்டுப் புகழ்கிறவருக்காகச் செய்தால், அந்த வேலை பகைவனுக்கு வாசலாகிவிடும்.