ஐப்பசியில் காலியாகும் அலமாரிகள்

அந்தக் காலத்தில், நண்டும் நாரையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், நெடுங்கரை ஏரிக்குக் கீழே ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு இருந்தது. மணியக்காரர் திருவாழி அதை நூலகமாக்கினார். ஊர் ஊராய் அலைந்து நூல்கள் சேர்த்தார். அதைப் பார்த்துக்கொண்ட ஆவுடையம்மாளிடம், “ஒரு நூல்கூட வாசலைத் தாண்டக் கூடாது” என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

ஓர் ஐப்பசியில் எட்டு நாளாக மழை விடவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் சேறு அப்பிய நண்டு ஒன்று படியேறி வந்தது.

“அம்மா, நாங்கள் தோண்டிய வளைகளெல்லாம் ஒன்றாகிவிட்டன. கரை பொழுது சாயும்வரை தாங்காது.”

ஆவுடையம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கரையின் அடியில் நீர் கசிந்தது. கசிந்த நீர் கலங்கலாக இருந்தது. கரை மண் உள்ளே கரைகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. திருவாழியோ வெளியூர் போயிருந்தார். யாரிடம் கேட்பது?

மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஊராரை அவள் வழிமறித்தாள். “ஆளுக்குக் கைகொள்ளும் மட்டும் நூல்களை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்!”

“எனக்குப் படிக்கத் தெரியாதே, அக்கா” என்றாள் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் பேச்சி.

“தூக்கத் தெரியுமில்லையா? தூக்கு!”

சோற்றுப் பானையிலும் தொட்டில் துணியிலும் நூல்கள் போயின. கடைசி ஆள் மேடேறியதும் கரை உடைந்தது. கிடங்கின் கதவு நிலைக்கு மேலே நீர் ஏறியது.

நீர் வடிந்ததும் திருவாழி வந்தார். வெறும் அலமாரிகளைப் பார்த்தார். “சத்தியத்தை மீறிவிட்டாயே, ஆவுடை! போனது இனித் திரும்புமா?”

ஆவுடையம்மாள் மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை.

நான்காம் நாள் வெயில் அடித்தது. அடுப்படியில் காயவைத்த நூல்களோடு ஊரே வந்தது. எல்லாம் புகை வாசம் அடித்தன. பேச்சி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

“உன்னுடையது எங்கே?” திருவாழியின் குரல் உயர்ந்தது.

“வீட்டில் பத்திரமாக இருக்கிறது, ஐயா. என் மகள் பாதிதான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மிச்சக் கதையைக் கேட்காமல் எப்படித் தருவேன்?”

திருவாழியின் குரல் தணிந்தது. “கேட்டு முடித்துவிட்டே கொண்டு வா” என்றார்.

அந்த ஐப்பசியிலிருந்துதான் நூலகத்து நூல்கள் வீடுகளுக்குப் போய்த் திரும்புகின்றன. நெடுங்கரையில் இன்றும் முதல் மழை விழுந்ததும் எல்லா அலமாரிகளும் காலியாகிவிடும்.