முப்பிடாதி குடிக்காத தண்ணீர்

"அவங்க ஏன் மாற மாட்டேங்கிறாங்க, அம்மை?"

மடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் உலகம்மாள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி கீரையைப் பார்த்தாள்.

அம்மைக்கு நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். உலகம்மாளுக்கு அறுபத்தொன்று. ஆனாலும் பத்து வருடமாக, மனம் கலங்கினால் உலகம்மாள் பஸ் ஏறி இந்த மலையடிவாரத்துக்குத்தான் வருவாள்.

"யாரு மாற மாட்டேங்கிறாங்க?"

"எங்க இல்லத்துப் பொம்பளைங்கதான்."

பார்வையில்லாத பெண்கள் முப்பத்தொரு பேர் இருக்கும் இல்லம் அது. அதை ஆரம்பித்து நடத்திய பெரியவர் இறந்துபோனார். தாலுகா ஆபீசில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த உலகம்மாளிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது.

"நான் போனப்ப அது இருந்த கோலத்தை நீங்க பார்க்கணும். வெடிச்ச தரை, ஒழுகுற கூரை, தோட்டத்தைத் தாண்டிப் போகணும் கக்கூஸுக்கு. ஒரு வருஷம் நாயா அலைஞ்சு எல்லாத்தையும் மாத்தினேன். இன்னைக்கு வந்து பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. மூணு மாசம் முன்னால திறப்பு விழாவுக்கு வந்தவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"பொம்பளைங்க?"

"கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கிறாங்க. பிரார்த்தனைக் கூடத்துக்கு வாங்கன்னா வரமாட்டாங்க. கூடை பின்னுறதை விட்டுட்டாங்க. எல்லாத்துக்கும் காரணம் முப்பிடாதின்னு ஒருத்தி. முப்பத்தெட்டு வருஷமா இருக்கிறவ. அவ மூணு மாசமா படுத்தே கிடக்கா. அவளைப் பார்த்து மத்தவங்களும்."

"உடம்புக்கு என்ன?"

"டாக்டர் பார்த்தாரு. ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. அடம், அம்மை. பழசை விடமாட்டேங்கிற அடம்."

அம்மை கீரைக்காம்பு ஒன்றை ஒடித்துப் போட்டாள்.

"அவளை வேற ஊர் இல்லத்துக்கு அனுப்பறதா முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில வேன் வருது. ஒருத்திக்காக முப்பது பேரைக் கெடுக்க முடியாது. நான் செய்யறது சரிதானே?"

அதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"சாப்பிடுறாளா?" என்றாள் அம்மை.

"ஏதோ கொஞ்சம்."

"தண்ணி குடிக்கிறாளா?"

உலகம்மாள் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

அம்மை எழுந்து உள்ளே போய்ப் பெரிய செம்பு நிறைய நீர்மோர் கொண்டுவந்தாள். உலகம்மாள் தாகத்தில் ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு செம்பு வந்தது. மறுக்க மனமில்லாமல் அதையும் குடித்தாள். மூன்றாவது செம்பை அம்மை உலகம்மாளின் கையிலேயே கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மறுபடி கீரை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். உலகம்மாள் நெளிந்தாள்.

"பின்னால போயிட்டு வந்துடறேன், அம்மை."

அம்மை தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். உலகம்மாளின் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"என்ன இது?"

"பத்து வருஷமா போற இடந்தானே. போங்க."

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டுக்கொட்டிலைத் தாண்டி இடது பக்கம். எத்தனை தடவை போயிருப்பாள். எழுந்து நடந்தாள்.

பத்து எட்டு வைத்ததும் கால் எதிலோ இடித்தது. குனிந்து தடவினாள். உரல். இங்கே உரல் இருந்ததா? திரும்பி நடந்தாள். செடி ஒன்று முகத்தில் உரசியது. மாடு மூச்சுவிடுவது எந்தப் பக்கம் என்று காது கொடுத்துக் கேட்டாள். எல்லாப் பக்கமும் கேட்பதுபோல் இருந்தது.

"அம்மை."

பதில் இல்லை.

"அம்மை, எந்தப் பக்கம்?"

பதில் இல்லை. அடிவயிறு முட்டியது. இன்னும் இரண்டு எட்டு. முள் குத்தியது. யாராவது பார்க்கிறார்களோ என்று நினைத்தாள். பார்த்தாலும் தனக்குத் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இனி முடியாது என்று வந்தபோது துண்டை இழுத்து அவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது முகத்தில் வியர்வை ஊற்றியது. துண்டை அம்மையின் பக்கத்தில் வைத்தாள்.

"அவிழ்த்துட்டேன்."

"ஆமா," என்றாள் அம்மை. "உங்களால முடிஞ்சுது."

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கேட்க வந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

இல்லத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. ஆபீஸ் அறைக்குப் போகாமல் நேரே படுக்கைக் கூடத்துக்குப் போனாள்.

முப்பிடாதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் துணிப்பை ஒன்று கட்டி வைத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. விளிம்புவரை நிறைந்து, மேலே ஓர் எறும்பு மிதந்தது.

"வேன் இன்னைக்கே வந்துட்டுதா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"இல்ல." உலகம்மாள் செம்பைப் பார்த்தாள். "நீங்க தண்ணி குடிக்கிறதில்லையா?"

உலகம்மாள் அவளை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முப்பிடாதி முகத்தைத் திருப்பினாள்.

"குடிச்சா போகணும்லம்மா."

"புதுக் கக்கூஸ் பத்தடியிலதானே இருக்கு. தோட்டம்கூடத் தாண்ட வேண்டாமே."

"பத்தடிதான். எந்தப் பத்தடி?"

உலகம்மாள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"தரை பூராவும் ஒண்ணுபோல வழுவழுன்னு கிடக்கு. எங்க நிக்கேன்னே தெரிய மாட்டேங்குது. தொறந்த மூணாம் நாள் எறங்கினேன். சுத்திச் சுத்தி வந்தேன். நடையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டுது." முப்பிடாதியின் குரல் தாழ்ந்தது. "பின்னால வந்த பிள்ளைங்க கால்ல எல்லாம் பட்டுது. யாருன்னு யாரும் கேக்கல. நாந்தான்னு நானும் சொல்லல. நீங்கதான் பிரார்த்தனையில வச்சுக் கேட்டீங்க."

உலகம்மாளுக்கு நினைவு வந்தது. முப்பத்தொரு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, மனுஷங்க செய்யற காரியமா இது என்று கேட்டிருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை என்று அன்று மதியம்வரை யாரோடும் பேசாமல் இருந்தாள். முன்வரிசையில் முப்பிடாதி நின்றிருந்தாள். சேலை மாற்றி, தலை சீவி, கையைக் கட்டிக்கொண்டு.

காதெல்லாம் சுட்டது. எதிரே இருப்பவளுக்குக் கண் தெரியாது என்பதில் ஒரு கணம் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்து இன்னும் கூசியது.

"முன்னால எப்படிப் போவீங்க?"

"அது சுளுவும்மா. கட்டில்ல இருந்து ஆறு எட்டு வச்சா தரையில ஒரு வெடிப்பு. அதைக் கால்விரலால புடிச்சுக்கிட்டே போனா வாசப்படி. வெளியே எறங்குனா வலப்பக்கம் பவளமல்லி மணக்கும். அப்புறம் குழாய் சொட்டுற சத்தம். அதுக்கு நேரே போனா கதவு. எந்நேரமும் போவேன். ஒருத்தரையும் எழுப்ப வேண்டாம். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நாந்தான் சொல்லிக் கொடுப்பேன். முதல்ல வெடிப்பக் காட்டுவேன்."

வெடிப்பை அடைத்தவள் உலகம்மாள். குப்பை விழுகிறது என்று பவளமல்லியை வெட்டச் சொன்னவள் உலகம்மாள். குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் வராதபோது, இதைக்கூடச் செய்ய மாட்டீர்களா என்று தானே கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தாள். விழா மேடையில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தாள். கீழே தரையில் முப்பத்தொரு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள்.

"நாளைக்கு வேன் வராது," என்றாள் உலகம்மாள்.

முப்பிடாதி கையை நீட்டி, பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

கூடத்தில் மற்றக் கட்டில்களில் யாரும் அசையவில்லை. எல்லாரும் விழித்திருந்தார்கள்.

"அக்கா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. இத்தனை மாசம் ஏன் சொல்லல?" என்றாள் உலகம்மாள்.

முப்பிடாதி யோசித்தாள். குறை சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத் தேடினாள்.

"நீங்க தினமும் வருவீங்கம்மா. ஏதாச்சும் சொல்லுவீங்க. நான் பதில் சொல்ல வாயத் தொறக்கும்போது உங்க செருப்புச் சத்தம் வாசல்ல இருக்கும்."